மண் காசின் மதிப்பு: ‘டார்க் சன்’ விளையாட்டு உலகின் நாணயம் பற்றி ஒரு விமர்சனம்

மலருக்குக் கட்டுரை என்றால் இலக்கியம், கோயிற்கலை, மொழி வரலாறு என்று எழுதுவதுதான் நம் வழக்கம். நான் இம்முறை எடுத்துக்கொண்டிருப்பது ஒரு விளையாட்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேராகக் கூடி, மேசைமேல் தாளும் பென்சிலும் பலமுகப் பகடைகளும் பரப்பிக்கொண்டு மணிக்கணக்காக ஆடுகிறார்களே, அந்த ரகம். ‘இதையெல்லாம் போய் ஆராய்ச்சி பண்ணணுமா சார்?’ என்று அன்பர்கள் கேட்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணியவன் நான். பணம் என்பது என்ன என்ற கேள்வியை ஒரு விளையாட்டு துணிச்சலாக எழுப்பியிருக்கிறது. எழுப்பிவிட்டு, பாதி வழியில் பயந்து திரும்பியும் இருக்கிறது. அந்தப் பாதி வழியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விளையாட்டும் அதன் உலகமும்

பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு அமெரிக்காவில் 1974-இல் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. ஆளுக்கொரு வேடம்: ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். கதையை நடத்திச் செல்பவர் ஒருவர். வாளை வீசினால் படுமா படாதா என்பதைப் பகடை சொல்லும். பெரும்பாலான ஆட்டங்களில் குகைக்குள் போவார்கள், பூதத்தைக் கொல்வார்கள், பொற்காசு மூட்டையோடு வெளியே வருவார்கள். தங்கம் அங்கே தண்ணீர் பட்ட பாடு.

1991-இல் டி.எஸ்.ஆர். நிறுவனம் இதே விளையாட்டுக்கு ‘டார்க் சன்’ என்று ஒரு புதிய உலகத்தை வெளியிட்டது. டிமோதி பிரவுன், டிராய் டென்னிங் இருவரும் வடிவமைத்தவர்கள். பிராம் என்ற ஓவியரின் படங்கள் அதற்கு ஒரு முகம் கொடுத்தன. 1995-இல் திருத்திய பதிப்பும், நிறுவனம் கைமாறிய பிறகு 2010-இல் மற்றொரு பதிப்பும் வந்தன. நான் இங்கே பேசுவது 1991-ஆம் ஆண்டுப் பெட்டியில் வந்த விதிகளைப் பற்றி.

அந்த உலகத்தின் பெயர் அதாஸ். மந்திரம் போடுகிறவர்கள் மண்ணின் உயிரை உறிஞ்சி உறிஞ்சியே பூமியைப் பாலைவனமாக்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பவை சில நகர அரசுகள்: டைர், யூரிக், ராம், டிராஜ், நிபெனே, கல்க், பாலிக். ஒவ்வொன்றையும் ஒரு சூனியக்கார அரசரோ அரசியோ ஆள்கிறார். அவர்களுக்கு வரி வசூலிக்கவும் ஆட்களை அடக்கவும் டெம்ப்ளர்கள் என்ற அதிகாரிகள். தண்ணீர் அரிது; அதைவிட அரிது உலோகம். பழைய காலத்தவர் தோண்டித் தீர்த்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி இரும்புச் சுரங்கம் உள்ள ஊர் டைர் மட்டுமே. மற்றவர்கள் எலும்பிலும் மரத்திலும் கல்லிலும் எரிமலைக் கண்ணாடியிலும் ஆயுதம் செய்கிறார்கள். விதிப்படி எலும்பு வாள் வைத்திருப்பவனுக்குத் தாக்குதலில் ஒரு புள்ளி குறையும், கல்லுக்கு இரண்டு, மரத்துக்கு மூன்று.

அப்படிப்பட்ட ஊரில் கடைக்குப் போனால் எதைக் கொடுப்பது? இங்கேதான் மண் காசு வருகிறது. களிமண்ணை வட்டமாக்கி, வண்ண மெருகு பூசி, சூளையில் சுட்டு எடுத்த காசு. எளிதில் பத்துத் துண்டாக உடையும்படி செய்திருக்கிறார்கள். பத்துத் துண்டு ஒரு மண் காசு. பத்து மண் காசு ஒரு வெள்ளிக் காசு. நூறு மண் காசு ஒரு பொற்காசு. இதோடு ஒரே ஒரு விலை விதி: உலோகப் பொருளுக்கெல்லாம் மூல விளையாட்டின் பட்டியல் விலை அப்படியே. உலோகம் கலக்காத பொருளுக்கெல்லாம் அதில் நூற்றில் ஒரு பங்கு.

முதலில் பாராட்டு

விமர்சனம் என்றாலே குறை சொல்வது என்று ஆகிவிடக் கூடாது. இந்த ஒற்றை விதியின் அழகைப் பாருங்கள். மூலப் பட்டியலில் ஐம்பது அடிச் சணல் கயிறு ஒரு பொன். நீள வாள் பதினைந்து பொன். அதாஸில் கயிறு ஒரு மண் காசு ஆகிவிடுகிறது. வாளோ அதே பதினைந்து பொன், அதாவது ஆயிரத்து ஐந்நூறு மண் காசு. புதிய பட்டியல் எதுவும் அச்சிடாமல், இரும்பை மற்ற எல்லாவற்றையும் விட நூறு மடங்கு உயர்த்திவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட மனக்கணக்கில் போட்டுக்கொள்ளலாம். பொருளாதாரப் பாடத்தில் ஒப்பு விலை என்று நாம் மூச்சு வாங்க விளக்குவது, இங்கே ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

ஆட்டத்தின் குணமும் இதனால் மாறுகிறது. மற்ற உலகங்களில் செத்த எதிரியின் துருப்பிடித்த கத்தியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதாஸில் அந்தக் கத்திக்காகவே கொலை விழும். பூட்டு, ஆணி, சங்கிலி, அண்டா என்று நாம் வீட்டில் கண்ணெடுத்தும் பார்க்காத சாமான்கள் அங்கே சொத்து. என் மகள் இந்த ஆட்டத்தில் வெகு நாட்கள் எலும்பு ஈட்டியோடு அலைந்தவள். ஒருநாள் சமையலறையில் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பா, இது ஒண்ணு போதும்ப்பா, அங்கே ஒரு வீடே வாங்கிடலாம்” என்றாள். அந்த ஒரு பார்வையைக் கொடுத்ததற்காகவே வடிவமைத்தவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

சில்லறையையும் மறக்காமல் வைத்தார்களே, அதற்கும் ஒரு சபாஷ். கதைகளில் ராஜாக்கள் பொற்கிழி கொடுப்பார்கள். ஒரு குவளைத் தண்ணீருக்கும் ஒரு கைப்பிடித் தானியத்துக்கும் அன்றாடங்காய்ச்சி எதைக் கொடுப்பான் என்று கதாசிரியர்கள் கவலைப்பட்டதில்லை. உடைத்துக்கொள்ளும் காசு அந்த ஏழையை நினைத்துச் செய்த காசு.

மண் காசு வெறும் கற்பனையா?

மண்ணிலே காசாவது, விளையாட்டுக்குத்தான் சரி என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையிலேயே நடந்திருக்கிறது, மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் உலோகத் தட்டுப்பாடு. 1920, 1921-இல் சாக்சனி மாநிலத்துக்காகப் புகழ்பெற்ற மைசன் பீங்கான் ஆலை பழுப்பு நிறச் சுட்டமண்ணில் நாணயம் செய்து கொடுத்தது. பைசா மதிப்பிலிருந்து இருபது மார்க் வரை இருந்தது. அவற்றில் பெரும்பகுதி சேகரிப்பாளர்களின் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டான 1945-இல் ஜப்பானும் மண் காசு செய்தது. உலோகமெல்லாம் போருக்குப் போய்விட்டதால், பீங்கானுக்குப் பேர்போன ஊர்களில் சென் நாணயங்களைச் சுட்டு எடுத்தார்கள். வெளியிடுவதற்குள் போர் முடிந்துவிட்டது. செய்ததில் பெரும்பாலானவற்றை நொறுக்கிவிட்டார்கள்.

மூன்றாவது சயாம், இன்றைய தாய்லாந்து. பாங்காக்கின் சூதாட்டக் கூடங்களைச் சீனக் குத்தகைதாரர்கள் நடத்தி வந்தார்கள். ஆட்டத்துக்கு வைத்திருந்த சிறு சிறு பீங்கான் வில்லைகள் மெல்ல வெளியே வந்து, காய்கறிக் கடையிலும் படகுத் துறையிலும் சில்லறையாகப் புழங்கின. 1870-களில் அரசு தடுக்கும்வரை இது நடந்தது. அந்த வில்லையைக் காய்கறிக்காரி ஏன் வாங்கினாள்? குறிப்பிட்ட கூடத்தில் கொண்டு போய்க் கொடுத்தால் பணம் தருவார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதனால் வாங்கினாள். கூடத்தின் குத்தகை போய்விட்டால் வில்லை வெறும் பீங்கான்.

சயாமை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அதாஸ் உலகத்தின் நாணயத்தில் எனக்குள்ள தகராறு அங்கிருந்துதான் புறப்படுகிறது.

குறை ஒன்று: தங்கம் ஏன் இன்னும் மேலே உட்கார்ந்திருக்கிறது?

நூறு மண் காசு ஒரு பொன் என்று விதி சொல்கிறது. யார் நிர்ணயித்த விகிதம் இது? களிமண்ணுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. விறகு கொஞ்சம் கஷ்டம். தங்கத்துக்கோ சுரங்கமே அபூர்வம். ஒன்றை இஷ்டம்போல் செய்யலாம், மற்றொன்றைச் செய்ய முடியாது. அப்படியிருக்க இரண்டுக்கும் இடையே மாறாத விகிதம் நிற்க வேண்டுமானால், நூறு மண் காசு கொண்டுவருகிற எவனுக்கும் ஒரு பொன் எடுத்துக் கொடுக்க யாரோ ஒருவர் பெட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்காரர் யார் என்று நாணயம் பற்றிய பகுதி சொல்லவில்லை. பெட்டி இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பொன் பதுங்கிவிடும். மண் மட்டும் தெருவில் நிற்கும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. கொல்கத்தாவில் வாழ்கிற நாம் 2007-இல் கண்ணால் பார்த்தது. பஸ்ஸில் சில்லறை இல்லை, கடையில் மீதிக்கு மிட்டாய். நம் நாணயங்களை எல்லை தாண்டிக் கொண்டு போய் உருக்கி, சவர பிளேடு செய்கிறார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. காசின் முகமதிப்பைவிட அதிலுள்ள உலோகத்துக்கு விலை கூடினால் இதுதான் நடக்கும். அசாம் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் நாணயத்துக்குப் பதில் அட்டைச் சீட்டு கொடுத்ததாகவும் அதே சமயம் செய்தி வந்தது. உலோகம் பிளேடாகப் போனது. தொழிலாளி கையில் அட்டை நின்றது. அதாஸ் உலகத்தைக் கற்பனை செய்ய வேறெங்கும் போக வேண்டாம்.

அடுத்து எடைக் கணக்கைப் பாருங்கள். அந்தப் பதிப்பின் விதிப்படி ஐம்பது காசு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. நீள வாள் நான்கு பவுண்டு, விலை பதினைந்து பொன். பதினைந்து பொன்னின் எடை ஒரு பவுண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, இரும்புக்காக ஊரே அடித்துக்கொள்ளும் உலகத்தில், கூலியும் சேர்த்த வாளின் இரும்பைவிட அதே எடைத் தங்கத்துக்கு ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு விலை! தங்கத்தால் என்ன செய்ய முடியும் அங்கே? கிணறு தோண்ட முடியாது. வெட்ட முடியாது. உடம்பைக் காக்கும் கவசமாகவும் ஆகாது, வளைந்துவிடும். உலோகமே அற்ற ஊரில் உழைக்கும் உலோகம்தான் மேலே வர வேண்டும். இங்கே வடிவமைத்தவர்கள் ஐரோப்பிய இடைக்காலத்துப் பொன், வெள்ளி வரிசையை அப்படியே தூக்கி வந்து, அடியில் மண்ணை மட்டும் செருகியிருக்கிறார்கள். செம்புக் காசு இருந்த இடத்தில் மண் காசு உட்கார்ந்தது. மேலே இருந்த மாடி அப்படியே இருக்கிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பொன் என்பது அங்கே வெறும் கணக்கு அலகு. யாரும் கையில் தொடுவதில்லை என்று வாதிடலாம். பழைய எகிப்தில் அப்படித்தான் இருந்தது. ‘டெபன்’ என்ற செம்பு எடையில் விலை சொல்வார்கள். கொடுப்பது தானியம், துணி, கூடை. டெய்ர் எல்-மெதினா ஊரில் அரசர் கல்லறை கட்டிய தொழிலாளிகளுக்குக் கூலி தானியமாகத்தான் வந்தது. மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் தானியம் தாமதமானபோது அவர்கள் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். வரலாற்றில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தங்களில் அது ஒன்று. ஆக, கையில் புழங்காத உலோகத்தில் கணக்கு எழுதலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலகாக ஒரு பொருளைத் தேர்ந்தால், ஊராருக்குப் பழகிய, அன்றாடம் வேண்டிய பொருளாக இருக்கும். அதாஸில் அது ஒரு குடம் தண்ணீராகவோ ஒரு படித் தானியமாகவோ ஒரு கட்டி இரும்பாகவோ இருந்திருக்கும். பொன்னாக இருக்கக் காரணம், விளையாட்டின் பழைய பட்டியல் பொன்னில் இருந்தது என்பது மட்டுமே.

குறை இரண்டு: உடைந்த துண்டுகளை யார் ஒட்டுவார்?

இது காசாளரின் கேள்வி. ஒரு மண் காசைப் பத்தாக உடைத்தாயிற்று. பத்துத் துண்டையும் சேர்த்தால் மறுபடி காசாகுமா? ஆகாது. உடைப்பது ஒருவழிப் பாதை. நாள் ஆக ஆக ஊரில் முழுக்காசு குறையும், துண்டு பெருகும். துண்டின் விளிம்பு தேயும். சில மண்ணாகவே உதிரும். எந்தத் துண்டு எந்த அரசனுடையது என்ற அடையாளமும் போய்விடும். கள்ளக்காசு செய்கிறவனுக்குக் கொண்டாட்டம்: முழுக்காசின் முத்திரையும் மெருகும் வேண்டாம், ஓட்டைச் சில்லாக உடைத்தால் போதும்.

நம் ஊரிலே நோட்டு கிழிந்தால் என்ன செய்கிறோம்? வங்கிக்குக் கொண்டு வருகிறோம். விதிப்படி போதுமான பகுதி இருந்தால் நல்ல நோட்டு கிடைக்கும். நைந்ததை ரிசர்வ் வங்கி வாங்கி நொறுக்கி அழித்துவிடுகிறது. கவுண்டரின் அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது சாதாரண வேலை. பணம் என்கிற ஏற்பாடு நிற்பதே இந்தத் திரும்ப வாங்குதலில்தான். காசு வெளியே போகிற வாசலைவிட உள்ளே வருகிற வாசல் முக்கியம். அதாஸின் நாணயத்துக்கு வெளிவாசல் இருக்கிறது, உள்வாசல் இல்லை.

குறை மூன்று, பெரிய குறை: வரி எதில் கட்டுவது?

இனி சயாமின் வில்லைக்குத் திரும்புவோம். அதற்குச் சூதாட்டக் கூடம் எப்படியோ, நாட்டின் காசுக்கு அரசாங்கக் கருவூலம் அப்படி. அரசன் எதை வரியாக வாங்குகிறானோ அதற்கு ஊரில் கிராக்கி. எதை வாங்க மறுக்கிறானோ அது அன்றே சரியும். இதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு கசப்பான சாட்சி இருக்கிறது.

வங்காளத்திலும் ஒரிசாவிலும் நெடுங்காலம் சோழிதான் சில்லறைப் பணம். மாலத்தீவிலிருந்து கப்பல் கப்பலாக வந்தது. ஒரு ரூபாய்க்கு 5,120 சோழி என்பது ஒரு கணக்கு. ஒரிசாவில் நிலவரியையும் சோழியில் கட்டலாம். 1803-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரிசாவை மராட்டியரிடமிருந்து பிடித்தது. அதன் பிறகு, வரியை வெள்ளி ரூபாயில் கட்டு என்றார்கள். கடலில் சோழி தீர்ந்துவிட்டதா? இல்லை. சோழி கறுத்துப் போனதா? அதுவும் இல்லை. கச்சேரி வாங்கவில்லை, அவ்வளவுதான். சோழியின் மதிப்பு இறங்கியது. வெள்ளி கிடைக்காத நிலக்காரர்களின் நிலம் ஏலத்துக்கு வந்தது. அந்த ஏலங்கள் நடந்தது கல்கத்தாவில். 1817-இல் குர்தாவில் பக்ஷி ஜகபந்து தலைமையில் பாய்க்கர்கள் கிளர்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. சோழியின் சரிவும் வெள்ளிக் கட்டாயமும் அவற்றில் சேரும்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2016 நவம்பர் 8 இரவை மறக்க முடியுமா? ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளின் தாள் மாறவில்லை, மை மாறவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு அவற்றை வாங்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்று ஆனது. மறுநாள் காய்கறிக்காரர் கையை விரித்தார். சொந்த ஊரை விட்டு வந்து கூலிவேலை செய்தவர்கள், உள்ளூரில் வங்கிக் கணக்கும் தெரிந்த முகமும் இல்லாமல் எப்படித் தவித்தார்கள் என்பதை நம்மில் பலர் கூடவே நின்று பார்த்திருக்கிறோம்.

இந்தக் கண்ணோடு அதாஸைப் பார்த்தால், வடிவமைத்தவர்கள் கைநழுவ விட்ட கதை எவ்வளவு பெரியது என்று புரியும். மண்ணுக்குத் தன்மதிப்பு இல்லை. ஆகவே மண் காசின் மதிப்பு முழுதும் அதைத் திரும்ப வாங்குகிற கையில் இருக்கிறது. அந்தக் கை, டெம்ப்ளரின் கை. அப்படியானால் அடிமையின் இடுப்பு முடிச்சில் இருக்கும் ஒரு துண்டு மண்கூட அந்தச் சூனியக்கார அரசனின் ஆணையில் ஒரு துண்டு. அவனை வெறுப்பவனும் அவன் முத்திரையைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொள்கிறான். கொடுங்கோன்மை எப்படி நிலைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உருவகம் அந்தப் பெட்டியில் வேறு இல்லை. அதைப் பெட்டியில் வைத்தவர்களே பார்க்கவில்லை.

கதையின் திருப்பத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். டைர் நகரத்தை ஆயிரம் ஆண்டு ஆண்ட கலக் என்ற அரசன், பிரமாண்டமான ஒரு படிக்கோபுரம் கட்டுவதற்காகச் சுரங்க அடிமைகளையும் அங்கே திருப்பிவிடுகிறான், இரும்பு நின்றுபோகிறது. 1991-இல் டிராய் டென்னிங் எழுதிய முதல் நாவலிலேயே கலக் கொல்லப்படுகிறான். டித்தியன் அரசனாகிறான், அடிமைகள் விடுதலை பெறுகிறார்கள். அடுத்த நாவலில் யூரிக் நகரம் டைரின் இரும்புக்காகப் படையெடுத்து வருகிறது.

நல்ல கதைதான். ஆனால் கலக் செத்த மறுநாள் காலையில் டைர் சந்தையில் என்ன நடந்திருக்கும்? அவன் காசை யார் வாங்குவார்? விடுதலை பெற்ற அடிமை இனிச் சுரங்கத்துக்குக் கூலிக்குப் போக வேண்டும். கூலி எதில்? பழைய மண் காசிலா, புதிய அரசன் சுடப்போகும் காசிலா, தண்ணீரிலா? வணிகக் குடும்பங்கள் — டைரில் வோர்டன், பாலிக்கில் வாவிர் — இரும்பைப் பதுக்கிக்கொண்டு மண்ணை ஏழையின் கையில் தள்ளியிருக்க மாட்டார்களா? விடுதலையின் முதல் சோதனை போர்க்களத்தில் வராது, சம்பள நாளில் வரும். நூறு மண் ஒரு பொன் என்ற ஒற்றை விகிதத்தை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை மேசையில் எழுப்ப முடியாது. விகிதம் மாறவே மாறாது என்றால், அரசன் செத்தாலும் காசுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் பொருள்.

ஆடுகிறவர்களுக்கு மூன்று யோசனைகள்

‘இது விளையாட்டுதானே, பொருளாதாரப் பரீட்சையா?’ என்று என் மகளும் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆட்டத்தின் நடுவே கணக்கேடு விரித்தால் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். ஒற்றை விதியின் எளிமையை நான் குலைக்கச் சொல்லவில்லை. ஆட்டத்தை நடத்துகிறவர் மூன்றே மூன்று மாற்றம் செய்து பார்க்கலாம்.

ஒன்று: பொன்னையும் வெள்ளியையும் கண்ணிலேயே காட்ட வேண்டாம். பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு இரும்புக் கட்டியை வையுங்கள். வாளை விற்றால் இரும்பு எடையும் அதற்கு மேல் கொல்லன் கூலியும். தேவைப்பட்டால் நாணயத்தையே உருக்கிக் கத்தியாக்கலாம் என்ற சபலம் ஆடுகிறவருக்கு எப்போதும் இருக்கட்டும்.

இரண்டு: ஒவ்வொரு நகரத்து மண் காசுக்கும் ஒரு நிறம். சொந்த ஊரில் முழு மதிப்பு. அடுத்த ஊரில் பாதி. அந்த ஊரோடு போர் என்றால் வெறும் ஓடு. வணிகக் குடும்பத்தின் கிடங்கில் மாற்றிக்கொள்ளலாம், வட்டத்தோடு. ஊர் விட்டு ஊர் போகிறவன் எல்லையிலேயே ஏழையாவது எப்படி என்று ஆடுகிறவருக்கு அப்போது தெரியும். புலம்பெயர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

மூன்று: வரி நாள் என்று ஒரு நாள் வையுங்கள். டெம்ப்ளர் வந்து முழுக்காசாகக் கட்டச் சொல்லட்டும், துண்டுகளை வாங்க மறுக்கட்டும். அன்றைக்குப் பத்துத் துண்டு ஒரு காசு என்ற விதி என்ன ஆகிறது, பதினான்கு துண்டு கொடுத்து யார் ஒரு காசு வாங்குகிறார்கள், அந்த நாலு துண்டு யார் பைக்குப் போகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

என் மகளின் குழுவில் இந்த மூன்றாவதை மட்டும் ஒருமுறை செய்து பார்த்தார்கள். அன்று பூதமும் வரவில்லை, சண்டையும் இல்லை. வரி வரிசையில் நின்ற ஒரு கிழவனுக்காகத் தங்கள் முழுக்காசைக் கொடுப்பதா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் வாதாடினார்களாம். “கொடுத்துட்டோம்ப்பா. ஆனா அடுத்த ஊருக்குத் தண்ணி வாங்கக் காசு இல்லாம போச்சு” என்றாள். முப்பது ஆண்டு பழைய விதிப்புத்தகத்தில் இன்னமும் இவ்வளவு ஆட்டம் பாக்கி இருக்கிறது. உங்கள் வீட்டில் பிள்ளைகள் பகடையோடு உட்கார்ந்தால், ‘படிக்கிற நேரத்தில் என்ன இது’ என்று விரட்டுவதற்கு முன்னால், அவர்கள் ஊரில் காசை யார் அடிக்கிறார், யார் திரும்ப வாங்குகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.